யாழ்ப்பாணத்திலிருந்து நேபாளத்துக்கு மிஷன் பயணம் போகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மைதானத்தில் மேடை போட்டுக் கூட்டம் நடத்தப் போகிறவர்களுக்கான குறிப்பு அல்ல. தென்னிந்திய திருச்சபையோ, மெதடிஸ்தமோ, அங்கிலிக்கனோ, பெந்தெகொஸ்தேயோ, கத்தோலிக்கப் பங்கோ, எதுவாக இருந்தாலும் சரி, யாழ்ப்பாணத்தில் ஒரு சபையின் வாலிபர்கள் சேர்ந்து "நாங்களும் ஒருக்கால் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போவமே" என்று கேட்டு, பெரியவர்களும் தலையாட்டி, ஒழுங்கு செய்கிற வேலை கடைசியில் உங்கள் தலையில் வந்து விழுந்திருந்தால், உங்களுக்குத்தான் இது. நேபாளத்தை வைத்து எழுதுகிறேன். எங்கள் வாலிபரோடு நான் போய்வந்த நாடு அது. இலங்கைக் கடவுச்சீட்டோடு அதிக சிக்கல் இல்லாமல் போகலாம். அதோடு மதம் சம்பந்தமான சட்டம் இறுக்கமான நாடு, அங்கே ஒழுங்காகப் போய்வரப் பழகினவர்களுக்கு மலேசியாவோ தமிழ்நாடோ பெரிய கஷ்டமாக இராது.

எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை எங்கள் பிள்ளைகள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மிஷனரிகளை வரவேற்ற அனுபவம் எங்கள் மண்ணுக்கு நிறைய உண்டு. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் யாழ்ப்பாணக் கரையில் வந்து இறங்கியபோது ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தேடித்திரிந்த காலம், அவர் ஏழைக் கூலியாள் வேடத்தில், நோயோடு வந்தார், அவரைப் பராமரித்தது உள்ளூர்ச் சனம். (2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் திருத்தந்தை அவரைப் புனிதராக அறிவித்தார்.) 1816இல் அமெரிக்க மிஷன் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை, பிறகு மானிப்பாயில் டொக்டர் கிறீன் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தது, இதெல்லாம் நாங்கள் பாடசாலையில் கேட்ட கதைதான். ஆனால் 1834இல் அதே மிஷன் மதுரையில் வேலை தொடங்கியபோது இங்கிருந்து எங்கள் ஆட்களும் உதவியாளராகக் கடல் கடந்து போனார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே யாழ்ப்பாணம் ஆள் அனுப்புவது புதுமை இல்லை.

இன்னும் கிட்டத்து நினைவு ஒன்று இருக்கிறது, திட்டம் போடும்போது அதுதான் எனக்கு அளவுகோல். 2004 சுனாமிக்குப் பிறகு வடமராட்சி கிழக்குக்கும், 2009க்குப் பிறகு வன்னிக்கும் எத்தனை குழுக்கள் வந்து போயின. ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பொதியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். பாயில் இருந்து, தேத்தண்ணி குடித்து, சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, அடுத்த வருடமும் விசாரித்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் குழுவுக்கு முதல் பயிற்சி இதுதான்: அந்த நாட்களில் முகாமில் இருந்த ஒரு அம்மாவையோ ஐயாவையோ கூப்பிட்டு, வந்தவர்களில் யாரை ஞாபகம் இருக்கிறது, ஏன் என்று கதைக்க விடுங்கள். ஒரு மணித்தியாலம் போதும். பயிற்சிப் புத்தகம் எதுவும் அதற்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

அழைப்பு வராமல் டிக்கட் போட வேண்டாம்

பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். மலிவான விமான டிக்கட் கண்ணில் படும், திகதி முடிவாகும், அதன்பிறகுதான் "அங்கே யாரையாவது தெரியுமா" என்று தேடுவார்கள். அப்படிச் செய்தால் அந்தச் சபை உங்களுக்காக வேலை தேட வேண்டிவரும், தங்கள் வேலையை விட்டுவிட்டு.

முதலில் அங்குள்ள ஒரு சபையின் போதகரோடு மாதக்கணக்கில் கதைத்துப் பழகுங்கள். உங்கள் சபைப் பிரிவுக்கு நேபாளத்தில் தொடர்பு இருந்தால் அதனூடாக, இல்லையென்றால் இந்தியாவில் வேதாகமக் கல்லூரியில் படித்த உங்கள் போதகர்களைக் கேளுங்கள், அவர்களோடு படித்த நேபாளியர் யாராவது இருப்பார்கள். "நாங்கள் வந்தால் உங்களுக்கு உதவியா, பாரமா" என்று நேராகக் கேளுங்கள். மரியாதைக்காக "வாருங்கள்" என்றுதான் சொல்வார்கள், அதனால் ஒருமுறை கேட்டு விட்டுவிடக் கூடாது. எந்த மாதம் வேண்டாம், எத்தனை பேர் தாங்கும், எதைச் செய்யவே கூடாது, முன்பு வந்த குழுக்களால் என்ன தொல்லை வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் உண்மை மெதுவாக வெளியே வரும். பிறகு அவர்கள் கேட்பதை எழுத்தில் வாங்குங்கள். இதில் ஒரு சின்னச் சிக்கல்: நேபாளத்தில் விக்கிரம சம்வத் நாட்காட்டிதான் அன்றாடப் பாவனையில் இருக்கிறது, எங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 57 வருடம் முன்னால் ஓடும், மாதமும் எங்கள் மாதத்தின் நடுவில்தான் பிறக்கும். அவர்கள் ஒரு திகதி சொன்னால் அது எந்த நாட்காட்டி என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

காலம் என்று பார்த்தால் ஒக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரையும், மார்ச் ஏப்ரலும் நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மலைப் பாதைகளில் மண்சரிவு. தசைன், திகார் பண்டிகை நாட்களில் காத்மண்டுவே ஊருக்குக் கிளம்பிவிடும், பஸ்ஸில் இடம் கிடைக்காது, அந்தத் திகதிகள் ஒவ்வொரு வருடமும் மாறுவதால் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

சட்டத்தை எல்லாரும் வாசிக்க வேண்டும், தலைவர் மட்டும் அல்ல

நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு நாட்டை மதச்சார்பற்றது என்கிறது, தன் மதத்தைப் பின்பற்ற உரிமையும் கொடுக்கிறது. ஆனால் அதே 26ஆம் உறுப்புரையில், ஒருவரை இன்னொரு மதத்துக்கு மாற்றக்கூடாது என்ற தடையும் இருக்கிறது. 2018 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டக்கோவையின் 158ஆம் பிரிவின்படி மதமாற்றம் செய்தாலோ அதற்கு ஊக்குவித்தாலோ ஐந்து வருடம் வரை சிறை, 50,000 நேபாள ரூபா வரை அபராதம், வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிய நாடு கடத்தல். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யவும் அனுமதி இல்லை, சம்பளம் வாங்காத தொண்டு வேலையும் அதற்குள் அடங்கும்.

இதைச் சொன்னதும் சில பிள்ளைகளுக்கு வீரம் வரும். "அப்போஸ்தலரும் சிறைக்குப் போனவைதானே" என்பார்கள். சரி, ஆனால் நீங்கள் செய்ததற்கு உங்களை விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள், விசாரணைக்கு இழுபட்டுத் திரியப்போவது உங்களை வீட்டில் வைத்திருந்த போதகரும் அவருடைய மனைவி பிள்ளைகளும். அடுத்தவருடைய கழுத்தை வைத்துக் காட்டுகிற வீரத்தை விசுவாசம் என்று நான் ஏற்கமாட்டேன். இதில் முரண்படுகிற ஆளை, எவ்வளவு நன்றாகப் பாடினாலும், குழுவில் சேர்க்காதீர்கள்.

அப்படியானால் தெருவில் துண்டுப்பிரசுரம் இல்லை, வீடு வீடாகப் போவது இல்லை, பாடசாலைக்குள் போய் வேதப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது இல்லை, பொருள் கொடுத்துவிட்டு ஜெபிப்பது இல்லை. கடைசியாகச் சொன்னதை அடிக்கோடு போட்டு வாசியுங்கள். பிஸ்கட் பெட்டியோடு சேர்த்து ஜெபமும் செய்தால் "ஆசைகாட்டி மாற்றுகிறார்கள்" என்று சொல்ல அதுவே போதும். எங்கள் நாட்டிலும் 2004இல் இப்படி ஒரு தடைச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது, அப்போது ஊரில் என்ன கதை நடந்தது என்று வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மிஞ்சுவது என்ன? விசுவாசிகளைப் பார்க்கப் போவது, அவர்களோடு ஆராதனையில் இருப்பது, ஒன்றாகச் சாப்பிடுவது, அவர்கள் கேட்டால் சபைக்குள் உங்கள் வாழ்க்கையைச் சொல்வது, நோயாளியான சபையாரிடம் போய் ஜெபிப்பது, கேட்டுக் கற்றுக்கொள்வது. "இதுக்கோ இவ்வளவு காசு செலவழிக்கிறது?" என்று உங்கள் சபைக் கமிட்டியில் ஒருவர் நிச்சயம் கேட்பார். நியாயமான கேள்வி. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் தான் வர ஆசைப்படுவதற்குக் காரணம் சொல்கிறார்: அவர்களைத் திடப்படுத்த வேண்டும் என்று தொடங்கி, உடனே திருத்துவதுபோல, உங்களாலும் நான் ஆறுதலடைய வேண்டும் என்கிறார். பவுலுக்கே அது தேவைப்பட்டது என்று அவருக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவருக்கு விருப்பமில்லையென்றால் அந்தக் காசை நேரே அந்தச் சபைக்கு அனுப்புவது மேல், அதையும் வெட்கப்படாமல் யோசிக்க வேண்டும்.

ஆட்கள், காசு, கடதாசி

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பல சபைகள் ஒரு வீட்டின் மேல்மாடியில் கூடுகிறவை, இருபது பேர் போய் இறங்கினால் இருப்பவர்களுக்கே இடம் இருக்காது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைக் கூட்டிப்போவதை நான் ஆதரிக்கவில்லை. பெண்பிள்ளைகள் வருவதாக இருந்தால் அம்மாமார் கேட்கிற கேள்விகளுக்கு, எங்கே படுப்பது, யார் கூட நிற்பது, இரவில் எங்கே போவது என்பதற்கெல்லாம் வீட்டுக்குப் போயிருந்து பதில் சொல்லுங்கள், போனில் சமாளிக்காதீர்கள். குழுவில் ஒரு அக்காவாவது பொறுப்பில் இருக்க வேண்டும். காசு ஒருவர் கையில், கணக்கு இன்னொருவர் கையில்.

காசு சேர்ப்பது எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மதியச் சாப்பாட்டுப் பார்சல், கேக் விற்பனை, அறுவடைப் பண்டிகையில் வாழைக்குலை ஏலம். (ஒரு கதலிக்குலை பத்து மடங்கு விலைக்குப் போவதை அங்கே மட்டும்தான் பார்க்கலாம்.) கடைசியில் கனடாவில் இருக்கிற மாமா, லண்டனில் இருக்கிற சித்தி. அவர்களிடம் வாங்குவதில் பிழை இல்லை, ஆனால் முழுச் செலவும் வெளிநாட்டுக் காசில் போனால் பிள்ளைகளுக்கு அது இலவசச் சுற்றுலா ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்காவது அவரவர் உழைத்துப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர்களுக்கு வந்தவுடன் எழுத்தில் கணக்குக் காட்ட வேண்டும், மிஞ்சிய காசு என்ன ஆனது என்பது உட்பட.

கடவுச்சீட்டுக்கு முன்பு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ ஓடினோம், 2025இல் யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். சார்க் நாட்டவருக்கு (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு, இலங்கையும் அதில் இருக்கிறது) நேபாளத்தில் இறங்கியவுடன் வருடத்தில் முதல் தடவை 30 நாள் விசா இலவசமாகக் கிடைக்கும், படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பலாம். விதிகள் மாறக்கூடியவை, டிக்கட் போடுமுன் அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் ஒருமுறை பாருங்கள். காசை டொலராக வங்கியில் மாற்றிக்கொண்டு போங்கள், இலங்கை ரூபாவை அங்கே வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பயணக் காப்புறுதி கட்டாயம். குடிவரவில் கேட்டால் நண்பர்களையும் சபையையும் பார்க்க வந்தோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். உண்மையாகவே அதைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் பொய் சொல்லத் தேவை வராது.

கட்டுநாயக்கா விமானத்துக்கு அதேநாள் காலையில் போய்ச்சேரலாம் என்று இரவு பஸ்ஸை நம்பாதீர்கள். முதல்நாளே கொழும்பில் நில்லுங்கள்.

உடம்பும் உடுப்பும் சாப்பாடும்

கீரிமலையைத் தவிர வேறு மலை காணாத சனம் நாங்கள், அங்கேயும் மலை இல்லை. காத்மண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீற்றர். அந்த உயரத்தால் மூச்சு முட்டாது, பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் உயர நோய் பிரச்சினை, அங்கே போவதாக இருந்தால் மெதுவாக ஏற வேண்டும். ஆனால் குளிர் இருக்கிறதே! டிசம்பர், ஜனவரி இரவில் 2, 3 பாகைக்கு இறங்கும், வீடுகளில் சூடாக்கும் வசதி பெரும்பாலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வாங்குகிற சுவெற்றர் அதற்குத் தாங்காது, ஒன்றைக் கொண்டுபோய் மற்றதைக் காத்மண்டு அசன் சந்தையில் வாங்குங்கள். வளைவு வளைவான பாதையில் ஜீப்பில் மணிக்கணக்கில் போகும்போது வாந்தி எடுக்காதவர்கள் குறைவு, அதற்குக் குளிசை முதலே போட வேண்டும்.

டைபொயிட், ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். ஜீவனி பக்கற், பனடோல், ஆளாளுக்குரிய வழமையான மருந்து. கொதித்தாறின தண்ணீர் மட்டும். வயிற்றாலே போனால் அதை மறைத்துக்கொண்டு ஆராதனைக்கு வருகிற பிள்ளை ஒன்று எல்லாக் குழுவிலும் இருக்கும், காலையில் ஒவ்வொருவராகக் கேட்டுவிடுங்கள். ஜெபிப்போம், ஆஸ்பத்திரிக்கும் போவோம்.

சாப்பாடு காலையும் மாலையும் டால் பாத், பருப்பும் சோறும் கீரையும் மரக்கறியும். இரண்டாம் நாளிலிருந்து எங்கள் பிள்ளைகள் தேங்காய்ப்பாலையும் மீன் குழம்பையும் பற்றிக் கனவு காணத் தொடங்குவார்கள். தூள் போத்தலைக் கொண்டுபோய் சாப்பாட்டு மேசையில் திறந்து வைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம், சமைத்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். அவர்களே "ஒருநாள் உங்கள் ஊர்ச் சாப்பாடு சமையுங்கள்" என்றால் அப்போது தூளை எடுங்கள், அது கொண்டாட்டமாக இருக்கும். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை அனுப்பும்போது, போன வீட்டிலேயே தங்கி வைத்ததைச் சாப்பிடச் சொல்கிறார், வீடு மாறித் திரியாதே என்கிறார். வசதியான ஹோட்டலுக்கு மாறலாமா என்று யாராவது கேட்கும்போது நான் அந்தப் பகுதியைத்தான் வாசிக்கக் கொடுப்பது.

அங்கே பசு தேசிய விலங்கு, மாடு அறுப்பது சட்டப்படி குற்றம், மாட்டிறைச்சி பற்றிப் பகிடி கூட வேண்டாம். எருமை இறைச்சியை மாவுக்குள் வைத்து அவித்த மொமோ தெருவெங்கும் கிடைக்கும், நல்ல ருசி. எச்சில் பார்ப்பது எங்கள் ஊர் மாதிரியே, ஒருவர் கடித்ததை இன்னொருவருக்கு நீட்டாதீர்கள். கொடுக்கிறதையும் வாங்குகிறதையும் வலக்கையால். கொண்டுபோக நல்ல பொருட்கள் பனங்கட்டிக் குட்டான், எள்ளுருண்டை, பனையோலைப் பெட்டி. கருவாடு வேண்டாம், விமானத்தில் பக்கத்தில் இருப்பவர்களும் மனிதர்கள்தான்.

சனிக்கிழமை ஆராதனை

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை, அதனால் சபைகள் சனிக்கிழமைதான் கூடும். ஞாயிற்றுக்கிழமையை அனேகருக்கு வேலைநாளாகவே நினைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். மணிக்கூட்டையும் 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பெரும்பாலும் தரையில் இருப்பார்கள், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம், எங்கள் பழைய கோயில்களில் இருந்ததுபோலவே. பெண்பிள்ளைகள் ஒரு சால்வை வைத்திருப்பது நல்லது, சில சபைகளில் ஜெபத்தின்போது தலையை மூடுவார்கள். கைகூப்பி "ஜெய்மசி" என்று வணக்கம் சொல்வார்கள், நீங்களும் சொல்லுங்கள். ஜெபம் வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பார்கள், அமைதியான ஆராதனையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதலில் திகைப்பாக இருக்கும்.

பேசச் சொன்னால் ஐந்து நிமிடம் தயாராக வைத்திருங்கள். மொழிபெயர்ப்பில் அது பத்தாகிவிடும். ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி நிறுத்துங்கள். "இடம்பெயர்வு" என்றும் "பங்கர்" என்றும் நீங்கள் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் முதலே விளங்கியிருக்க வேண்டும், முதல்நாள் இரவே அவரோடு இருந்து கதைத்துவிடுங்கள். பாட்டு என்றால் தமிழிலேயே பாடுங்கள். ஒரு கீர்த்தனையை மிருதங்கத்துக்குப் பதில் மேசையில் தட்டிப் பாடினாலும் போதும், அவர்களுடைய மாதல் மேளத்தோடு சேர்ந்துவிடும். ஆங்கில ஆராதனைப் பாட்டை கரோக்கே போட்டுப் பாடுவதற்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

உங்கள் கதையைச் சொல்லுங்கள், ஆனால் உங்கள் துன்பம்தான் பெரியது என்ற தொனி வேண்டாம். 1995 ஒக்டோபரில் ஊரே வெளிக்கிட்ட கதை உங்கள் வீட்டில் இருக்கும். அவர்களுக்கு 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர், 2015 ஏப்ரல் 25 பூகம்பம். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் அங்கேயும் வரிசையாக இருக்கின்றன. இதைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகளுக்கு வாய் அடைத்துப்போகும், பிறகு நிறையக் கதைக்கத் தொடங்குவார்கள். அந்தக் கதைக்கு நேரம் விட்டு நிகழ்ச்சிநிரல் போடுங்கள்.

ஓய்வுநாளில் காத்மண்டுவின் பெரிய சிவன் கோயிலான பசுபதிநாத்துக்குக் கூட்டிப்போவார்கள். மூலக் கோயிலுக்குள் இந்துக்கள் மட்டும்தான் போகலாம், பாக்மதி ஆற்றின் மறுகரையில் நின்று பார்க்கலாம். அங்கே பிணம் எரிப்பார்கள். படம் எடுக்காதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள். அந்த இடத்தில் நின்று கையை உயர்த்தி எதிர்த்து ஜெபிக்க ஆசைப்படுகிற ஆள் உங்கள் குழுவில் இருந்தால், நல்லூர்த் தேர் நாளில் வெளிநாட்டுக் குழு ஒன்று வடக்கு வீதியில் நின்று அப்படிச் செய்தால் உன் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று கேளுங்கள். பக்கத்து வீடு என்றதும் ஞாபகம் வருகிறது: நேபாளம் போகிறோம் என்று தெரிந்தால் ஒழுங்கையில் இருக்கிற சைவப் பெரியவர் ஒருவராவது உருத்திராக்கம் வாங்கிவரச் சொல்வார். இது சரியா என்று வாலிபருக்குள் பெரிய விவாதம் நடக்கும். நான் வாங்கிக் கொடுப்பேன். அவர் எங்கள் கிறிஸ்மஸ் கேக்கை வருடாவருடம் சாப்பிடுகிறவர்.

போனும் படமும்

சட்டத்தைவிட இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். சபைக்குள் எடுத்த படம், இடத்தின் பெயர், போதகரின் முகம், "கர்த்தர் பெரிய காரியம் செய்தார்" என்ற ஒரு வரி, இவ்வளவும் சேர்ந்தால் யாருக்கோ அது சாட்சிப் பொருள். நேரலை அறவே கூடாது. ஞானஸ்நானம், சுகமளிக்கும் ஜெபம், பிள்ளைகள், இந்த மூன்றையும் படமே எடுக்க வேண்டாம். மற்றப் படங்களைத் திரும்பி வந்த பிறகு அந்தப் போதகருக்கு அனுப்பி, அவர் சரி என்றதை மட்டும் போடுங்கள். ஊரில் உள்ளவர்களுக்கு நாளுக்கு ஒரு குரல் செய்தி போதும், "எல்லாரும் சுகம், சாப்பிட்டோம்". அம்மாமாருக்கு அதற்குமேல் தேவையும் இல்லை.

இரவில் விசுவாசம் பற்றிக் கதைப்பது

ஒவ்வொரு இரவும் அரை மணித்தியாலம் ஒன்றாக இருங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. வழக்கமாகக் கேட்கிற கேள்வி, "இன்றைக்குக் கர்த்தர் உன்னைக்கொண்டு என்ன செய்தார்?" அதைக் கேட்டால் எல்லாரும் பெரிதாக ஏதாவது சொல்லத் தேடுவார்கள், இல்லாததும் வரும். நாங்கள் கேட்பது "இன்றைக்கு யாரிடம் எதை வாங்கினாய்?" ஒருவர் தன் கட்டிலைத் தந்தார், ஒரு பாட்டி என் பெயரைச் சொல்லி ஜெபித்தார், ஒரு சின்னப் பெடியன் செருப்பை எடுத்து வைத்தான். கொடுக்க வந்தோம் என்ற நினைப்பு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

அந்தச் சபையின் வரலாற்றையும் அங்கேயே இருந்து கேளுங்கள். 1769இல் கப்புச்சின் சபைக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றிய பிறகு 1951 வரை மிஷனரிகளுக்குக் கதவு மூடியிருந்த நாடு அது. 1990 வரை மதம் மாறியவருக்கும் மாற்றியவருக்கும் சிறை. 2021 குடிசன மதிப்பீட்டில் 5,12,313 கிறிஸ்தவர்கள், மொத்தத்தில் 1.76 வீதம். அங்கே சுவிசேஷத்தை மலை மலையாகக் கொண்டுபோனது பெரும்பாலும் நேபாளியர்தான். அந்தக் காலத்தில் சிறையில் இருந்துவந்த பெரியவர்கள் சில சபைகளில் இன்னும் முன்வரிசையில் இருக்கிறார்கள். சிறையைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வார்கள், பேரப்பிள்ளைகளைப் பற்றி நீளமாகச் சொல்வார்கள். தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவர், கோயில் வாங்கில் குடும்பத்துக்கென்று இடம், பாடசாலைக்கு அனுமதி எடுக்க ஞானஸ்நானச் சான்றிதழ் என்று வளர்ந்த பிள்ளைக்கு அந்த மனிதருக்குப் பக்கத்தில் இருக்கும்போது உள்ளுக்குள் ஏதோ ஆடும். நான் ஏன் கிறிஸ்தவன் என்ற கேள்வி அப்போதுதான் முதல்முறை நிஜமாக வரும். உடனே பதில் சொல்லிக்கொடுத்து அதை மூடிவிடாதீர்கள். யாராவது "எனக்கு ஒன்றும் உணரவில்லை, வீட்டுக்குப் போகவேணும் போல இருக்கு" என்றாலும் சரி, அதையும் சொல்ல விடுங்கள். அழவைத்து சாட்சி வாங்குகிற வேலை வேண்டவே வேண்டாம்.

வந்த பிறகு

சபையில் அறிக்கை சொல்லும் ஞாயிறு வரும். "அந்தச் சனம் பாவம், ஒன்றும் இல்லாத சனம்" என்று யாராவது தொடங்கினால் இடையில் நிறுத்துங்கள், அந்தப் போதகர் முன்வரிசையில் இருக்கிறார் என்று நினைத்துக் கதைக்கச் சொல்லுங்கள். காசு உதவி செய்ய ஆசை வந்தால் தனியாளுக்கு அனுப்பாமல் சபைக்கு, அவர்கள் கணக்கு வைக்கிற வழியில். தனியாளுக்கு அனுப்பிய காசு அங்கே சபையைப் பிரித்துவிடும், இங்கே வெளிநாட்டுக் காசு எங்கள் சபைகளில் என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மாதம் ஒருமுறை குரல் அழைப்பு, பிறந்தநாள், யாராவது இறந்தால் ஒரு செய்தி. இதற்கு ஒரு ஆளை இப்போதே நியமியுங்கள், "எல்லாரும் செய்வம்" என்றால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

அடுத்தது, அவர்களை இங்கே அழையுங்கள். போய்வந்த காசில் பாதியை அதற்கு ஒதுக்கலாம். அவர்களில் பலர் கடலே கண்டிருக்கமாட்டார்கள், காரைநகர் கசூரினாவுக்குக் கூட்டிப்போங்கள், மானிப்பாயிலும் உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய கட்டடங்களைக் காட்டுங்கள், உங்கள் வாலிபருக்கு அவர்கள் பேசட்டும். ஏப்ரல் மே வெயிலில் கூப்பிடாதீர்கள், மலைச் சனம் வாடிப்போகும். ஜனவரி, பெப்ரவரி நல்லது. விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள், குழம்புக்குத் தூளைப் பாதியாகக் குறையுங்கள்.